இருபது மில்லி

பாட்ஸ்ஃபியோர்டு மீன் ஆலையில்
இருபத்தாறு வருஷம் குடல் உருவியவள் நான்.
காட் மீனின் வயிற்றில் கத்தி ஒரு கோடு போடும்,
கட்டைவிரல் உள்ளே போகும், ஒரே இழுப்பு.
ஈரலுக்கு ஒரு தொட்டி.
சினைக்கு ஒரு தொட்டி.
குடலுக்குத் தொட்டி கிடையாது.
தரையில் ஓடும் தண்ணீர் கொண்டுபோகும்,
எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது திரொம்ஸோவில், ஆறாவது மாடியில்
என்னுடையதை அறுத்து, ஒட்டி,
ஓய்வெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.
பத்தொன்பது நாள்.
வாய்க்கு ஈரப் பஞ்சு.
கழுத்தடி நரம்பில் பால்நிறப் பை சொட்டுகிறது:
சர்க்கரை, கொழுப்பு, உப்பு, அமினோ அமிலம்.
ஒரு ஆள் சாகாமலிருக்க எல்லாமும் உண்டு,
மெல்லுவதற்குத்தான் ஒன்றுமில்லை.

எடை குறையவில்லை.
பசியும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.
"ரத்தம் சாப்பிட்டுவிட்டது," என்றான்
பயிற்சி மருத்துவன் அஸ்லாக்.
"குடல் இன்னும் பட்டினி."

எனக்கு உதவாத உணவுப்பட்டியலின் பின்பக்கத்தில்
விரல் விரலாக வரைந்தான்.
விரல்களின் இடுக்கில் பள்ளம்,
பள்ளத்தின் அடியில் குருத்தணுக்கள்.
அங்கே ஒன்று பிறக்கும்.
பின்னால் பிறப்பது அதை மேலே தள்ளும்.
நாலைந்து நாளில் விரல்நுனிக்கு வந்து
உதிர்ந்துவிடும்.

எங்கள் பெல்ட்டேதான்.
கடைசிப் பெட்டி இறங்கினால்தான்
முதல் பெட்டிக்கு இடம்.

"பெல்ட் எதில் ஓடுகிறது?"
"அதன்மேல் போகும் சரக்கில்," என்றான்.
கடந்துபோகும் உணவிலிருந்து
தன் கூலியைத் தானே எடுத்துக்கொள்ளுமாம் குடல்,
உடம்புக்கு அனுப்புமுன்.
குருத்தணுவை ஒட்டி ஒரு காவல் அணு.
அது சர்க்கரையைப் பாதி எரித்து
மீதியை லாக்டேட்டாக நீட்டும்.
குருத்தணு அதை வாங்கிச் சாம்பலாகும்வரை எரிக்கும்.

அவன் இன்னும் சொல்லிக்கொண்டே போனான்.
நான் தோர்டிஸை நினைத்துக்கொண்டிருந்தேன்:
ஆலையின் பின்கதவு, பனிக்காற்று, ஒரே சிகரெட்.
பாதி அவள் இழுப்பாள்.
கங்கு கிடக்கும் மீதி எனக்கு.
அந்தப் பாதியில் அடுத்த நாலு மணிநேரம் நிற்பேன்.

"சரி, மேலே ஒன்றுமே போகாவிட்டால்?"
அவன் பதில் சொல்லவில்லை.
பக்கத்தில் இன்னொரு வரிசை வரைந்தான்.
விரல்கள் குட்டையாக,
உறைகடி பட்ட கைபோல.

இருபதாம் நாள், செவ்வாய்.
இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு
மலைமுகட்டில் சூரியன் ஒரு துண்டு தெரிந்ததாம்.
வார்டு முழுக்க ஜாம் வைத்த பன் கொடுத்தார்கள்.
பக்கத்துக் கட்டில்காரி மூன்று தின்றாள்,
உதட்டு மாவைத் துடைக்கக்கூட இல்லை, பாவி.
எனக்கு ஒரு சின்னக் கோப்பையில்
சாம்பல்நிறத்தில் இருபது மில்லி.

நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி.
விழுங்கினேன்.
அது இறங்கும் வழி முழுதும் தெரிந்தது,
பூட்டிக் கிடந்த வீட்டில்
யாரோ செருப்போடு நடப்பதுபோல.

அரைமணி ஒன்றுமில்லை.
அஸ்லாக் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான்,
வேறு வேலை இருப்பவன்போல.
பிறகு
கடமுடவென்று ஒரு சத்தம்.
படகுக் கப்பியில் துருப்பிடித்த சங்கிலி
ஒரு பல் நகர்ந்த சத்தம்.
பன்காரி திரும்பிப் பார்த்தாள்.
எனக்கு வெட்கமாக இல்லை.

ராத்திரி அந்த மீன்கள் ஞாபகம் வந்தன.
கத்தி படும் நிமிஷம்வரை
ஒவ்வொன்றின் உள்ளேயும் பெல்ட் ஓடியிருக்கும்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
ஆனால் அது வழவழப்பு மட்டும் இல்லை என்று
இத்தனை வருஷம் யாராவது சொல்லியிருக்கலாம்.

விரல்விட்டு எண்ணினேன்.
இன்றைய வாய்க்குப் பிறப்பது
சனிக்கிழமையோ ஞாயிறோ உதிரும்.
அதற்குள் அதற்கு எத்தனை வேலை.
நாளைக்கு நாற்பது மில்லியாம்.